சிறை வாசலைத் தாண்டிய முதல் 14 நாட்கள்: ஹெரோயின் அடிமைத்தனமும் நாம் பேசத் தவறும் சிகிச்சையும்

போதைப்பொருள் வழக்கில் உள்ளே சென்ற ஒருவர் விடுதலையாகி வரும் நாளை எமது வீடுகளில் பிரச்சினை முடிந்த நாளாகவே பார்க்கிறோம். பல மாதங்கள் தொடாமல் இருந்துவிட்டார், முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று உம்மாவும் மனைவியும் நம்புகிறார்கள். ஊரில் உள்ளவர்களோ "பார்ப்போம், எத்தனை நாளைக்கு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு பார்வையிலும் ஓர் உண்மை விடுபட்டுப் போகிறது. ஹெரோயினுக்கு அடிமையாக இருந்த ஒருவர் உயிரிழக்கும் ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலங்களில் ஒன்று, அவர் சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள். இது பல நாடுகளில் மருத்துவ ஆய்வுகள் மூலம் உறுதிப்படுத்தப்பட்ட விடயம். இந்த ஆபத்தைக் குறைப்பதற்கு மருந்தும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது. ஆனால் எமது ஜும்ஆ மேடைகளிலோ, பாடசாலைக் கூட்டங்களிலோ, போதை ஒழிப்புப் பேரணிகளிலோ இதைப் பற்றி யாரும் பேசுவதை நான் கேட்டதில்லை.

நான் வைத்தியர் அல்லர், பாடசாலை ஆசிரியர். ஆனாலும் இந்த விடயம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. தவணை தொடங்கும்போது மாணவர் விபரப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடம் வெறுமையாக வரும். சில பிள்ளைகள் "வெளிநாடு" என்று எழுதுவார்கள். எந்த வெளிநாடு என்று நாங்கள் கேட்பதில்லை. விளக்கமறியலில் இருக்கும் தந்தையைப் பார்க்க உம்மாவோடு போக வேண்டியிருப்பதால் கிழமையில் ஒரு நாள் பாடசாலைக்கு வராத பிள்ளையின் இடாப்பில் காரணம் எழுதுவது எப்படி என்று நாங்கள் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் படிக்கவில்லை.

2023 டிசம்பரில் "யுக்திய" நடவடிக்கை தொடங்கிய பிறகு இப்படியான பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. முதல் சில வாரங்களிலேயே நாடெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். எமது சிறைச்சாலைகளிலோ ஏற்கெனவே இருக்க வேண்டியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினர் போதைப்பொருள் தொடர்பான குற்றங்களுக்காக உள்ளே இருப்பவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் என்றோ ஒரு நாள் வீடு திரும்பத்தான் போகிறார்கள். அந்த நாளில் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஹெரோயின் "ஓபியொயிட்" எனப்படும் மருந்து வகையைச் சேர்ந்தது. அபின், மோர்பின் ஆகியனவும், வலி மாத்திரையாக விற்கப்பட்டுப் பின்னர் போதைக்காகப் பாவிக்கப்படும் டிரமடோலும் இதே வகைதான். ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. எனவே நான் கீழே கூறும் மருந்துகள் ஐஸ் பாவனைக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தினர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் வலியையும் இன்பத்தையும் சுவாசத்தையும் கட்டுப்படுத்தும் இடங்களில் இந்த வகை மருந்துகள் சென்று ஒட்டிக்கொள்ளும் வாங்கிகள் இருக்கின்றன. நாளாந்தம் ஹெரோயின் பாவிக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முதல் மாதம் கிடைத்த போதை ஆறாவது மாதத்தில் அதே அளவில் கிடைப்பதில்லை. எனவே அளவு கூடுகிறது. உடலும் அந்தக் கூடிய அளவைத் தாங்கப் பழகிவிடுகிறது. இதைச் சகிப்புத்தன்மை என்பார்கள்.

ஒருவர் திடீரெனக் கைதாகி விளக்கமறியலுக்குப் போகும்போது, கடைசியாகப் பாவித்து 6 முதல் 12 மணித்தியாலங்களுக்குள் உடல் கேட்கத் தொடங்குகிறது. மூக்கு ஒழுகுதல், கொட்டாவி, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, கடுமையான பதற்றம் என்று இது வளரும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கும். ஆரோக்கியமான ஒருவரை இது பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடரும்போது நீராகாரம் கொடுக்க ஆளில்லாவிட்டால் உயிராபத்து உண்டு. தற்கொலை எண்ணம் வரக்கூடிய நேரமும் இதுதான்.

அந்த ஒரு வாரம் கழிந்ததும் "தெளிந்துவிட்டான்" என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் உடலின் கேட்பு மட்டுமே அடங்கியிருக்கிறது. மூளையில் பதிந்த வேட்கை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். பழைய சந்தியையும் பழைய நண்பனையும் பார்த்தவுடன் அது மீண்டும் எழும்பும். ஆனால் சகிப்புத்தன்மை அப்படியே இருப்பதில்லை. பாவனை நின்ற சில நாட்களிலேயே அது குறையத் தொடங்கி, சில வாரங்களில் பெருமளவு போய்விடுகிறது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மனதில் பழைய வேட்கை, உடலில் புதியவரின் தாங்குதிறன். கைதாவதற்கு முன்னர் எடுத்த அதே அளவை, விடுதலையான பின்னர் ஒரே ஒரு தடவை எடுத்தாலும் சுவாசம் மெதுவாகி நின்றுபோகலாம். ஹெரோயினோடு தூக்க மாத்திரையோ மதுபானமோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

என்னிடம் படித்த ஒருவர் இப்படித்தான் மௌத்தானார். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர், நல்ல கையெழுத்து உடையவர், வகுப்பில் கரும்பலகையில் திகதி எழுதும் வேலை அவருடையது. ஏறத்தாழ ஏழு மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்து ஒன்பதாவது நாள் ஜனாஸா. "தூள் எடுத்துக்கொண்டு மாத்திரையும் போட்டிருக்கிறான்" என்றார்கள். மையவாடியில் நின்றவர்கள் பேசியது, "ஏழு மாதம் இருந்தும் திருந்தவில்லையே" என்பதுதான். அவருடைய நானா மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முந்தி எடுக்குற அளவுதான் சேர், கூட எடுக்கல்ல." அவர் சொன்னதில்தான் மரணத்தின் காரணம் இருந்தது. முந்தி எடுத்த அளவுதான் அவரைக் கொன்றது. அதை விளங்கப்படுத்த அந்தக் குடும்பத்துக்கு, சிறைக்குள்ளும் வெளியிலும், யாரும் இருக்கவில்லை.

ரமழானில் முற்றாக நிறுத்திவிட்டுப் பெருநாளோடு மீண்டும் தொடுபவருக்கும், புனர்வாழ்வு நிலையத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வருபவருக்கும் இதே விதிதான்.

எண்கள் சொல்வது

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த ஏனைய மக்களை விட 12.7 மடங்காக இருந்தது. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்து மாத்திரம் 129 மடங்கு.

அங்கே ஊசி மூலம் பாவிப்போர் அதிகம். இலங்கையில் ஹெரோயின் பாவிப்பவர்களில் பெரும்பாலானோர் ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையாக உள்ளிழுப்பவர்கள். எனவே 129 என்ற எண்ணை அப்படியே எமது நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஊசியை விடப் புகையில் ஆபத்துக் குறைவு என்பது உண்மை, ஆபத்தே இல்லை என்பது தவறு. சகிப்புத்தன்மை குறையும் விதி எல்லா உடலுக்கும் ஒன்றுதான்.

என்ன மருந்துகள் இருக்கின்றன

ஓபியொயிட் அடிமைத்தனத்துக்கு மூன்று மருந்துகள் உலகளவில் பயன்படுகின்றன.

முதலாவது மெதடோன். 1960களில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வான்டர் என்ற இரு வைத்தியர்கள் இதை ஹெரோயின் அடிமைத்தனத்துக்கான சிகிச்சையாக அறிமுகப்படுத்தினார்கள். இதுவும் ஓபியொயிட்தான். ஆனால் உடலில் மெதுவாக வேலை செய்து, நீண்ட நேரம் நிற்கும். நாளுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் திரவமாக, தாதி ஒருவரின் முன்னிலையில் குடிக்கக் கொடுக்கப்படும். சரியான அளவில் கொடுத்தால் போதை ஏறாது, உடல் கேட்காது, வேட்கை அடங்கும். அந்த மனிதர் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளோடு இருக்கலாம்.

இரண்டாவது புப்ரெனோர்பின். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. மூளையின் அதே வாங்கிகளில் ஒட்டிக்கொண்டாலும் ஓரளவுக்கு மேல் அவற்றைத் தூண்டாது. எனவே சுவாசத்தை நிறுத்தும் ஆபத்து இதில் குறைவு. மாதம் ஒரு தடவை போடும் ஊசியாகவும் சில நாடுகளில் கிடைக்கிறது.

மூன்றாவது நல்ட்ரெக்சோன். இது போதைக்குரிய மருந்தே அல்ல. வாங்கிகளை அடைத்துவிடும். ஹெரோயின் எடுத்தாலும் போதை வராது. ஆனால் உடலில் ஓபியொயிட் எதுவும் இல்லாத நிலையில், குறைந்தது ஒரு வாரம் முதல் 10 நாட்கள் கழித்தே தொடங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் சகிப்புத்தன்மை இல்லாத உடலோடு ஆபத்து காத்திருக்கும்.

மெதடோனையும் புப்ரெனோர்பினையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டிலேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இவற்றோடு நலொக்சோன் என்ற இன்னொரு மருந்தையும் அறிந்திருக்க வேண்டும். இது அவசர மருந்து. அளவு மீறிச் சுவாசம் நின்றுகொண்டிருப்பவருக்கு ஊசியாகவோ மூக்கில் தெளிப்பாகவோ கொடுத்தால் சில நிமிடங்களில் சுவாசம் திரும்பும். அதன் வேலை ஒன்று ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுவதால் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது கட்டாயம். ஸ்கொட்லாந்து 2011 முதல் சிறையிலிருந்து விடுதலையாவோரின் கையில் இந்த மருந்தையும் அதைப் பாவிக்கும் பயிற்சியையும் கொடுத்து அனுப்புகிறது.

சிறைக்குள் கொடுத்தால் பலன் உண்டா

ரோட் ஐலன்ட் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். அங்கே 2016இல் சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, தேவையானவர்களுக்கு மேலே சொன்ன மூன்று மருந்துகளில் பொருத்தமானதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெளியே போகும் நாளில் மருந்து நின்றுவிடாமல், அவரவர் ஊரிலுள்ள சிகிச்சை நிலையத்தோடு முன்கூட்டியே இணைத்துவிட்டார்கள். 2016இன் முதல் ஆறு மாதங்களில், அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களில் 26 பேர் போதை அளவு மீறி இறந்திருந்தார்கள். 2017இன் முதல் ஆறு மாதங்களில் அது 9ஆகக் குறைந்தது.

இங்கிலாந்தில் விடுதலையான 12,000க்கும் அதிகமானோரைக் கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. வெளியேறும் வேளையில் இந்தச் சிகிச்சையில் இருந்தவர்கள் முதல் நான்கு வாரங்களில் இறக்கும் ஆபத்து, சிகிச்சையில் இல்லாதவர்களை விட 75 வீதம் குறைவாக இருந்தது.

இவையெல்லாம் மேற்கு நாடுகளின் கதை, அவர்களிடம் பணம் இருக்கிறது என்று சொல்லலாம். எனவே எமக்குப் பக்கத்தில் பார்ப்போம். இந்தியாவின் திஹார் சிறையில் 2008இல் புப்ரெனோர்பின் சிகிச்சை தொடங்கப்பட்டது. ஈரான் 2000களின் தொடக்கத்திலிருந்தே தன் சிறைகளில் மெதடோன் கொடுக்கிறது. போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை வைத்திருக்கும் நாடு அது. கடத்துபவரையும் அடிமையானவரையும் வேறாகப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே ஓர் உதாரணம்.

மலேசியாவிடமிருந்து ஒரு பாடம்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியா எமக்கு மிகவும் பொருத்தமான உதாரணம். அங்கும் பல தசாப்தங்களாக, போதைக்கு அடிமையானவரைப் பிடித்துக் கட்டாயப் புனர்வாழ்வு முகாமில் அடைப்பதே வழிமுறையாக இருந்தது. இராணுவப் பாணியிலான ஒழுக்கப் பயிற்சி, உடற்பயிற்சி, மார்க்க வகுப்பு எல்லாம் இருந்தன. வெளியே வந்தவர்கள் மீண்டும் பாவித்தார்கள். ஹெச்.ஐ.வி. தொற்றும் பரவியது. 2005இல் அரசாங்கம் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010 முதல் கட்டாய முகாம்கள் சிலவற்றைத் தாமாக விரும்பி வந்து சிகிச்சை பெறும் நிலையங்களாக மாற்றியது. சிறைகளுக்குள்ளும் மெதடோன் கொடுக்கப்பட்டது.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளியானது. கட்டாய முகாமிலிருந்து வந்தவர்களில் அரைவாசிப் பேர் 31 நாட்களுக்குள் மீண்டும் ஓபியொயிட் பாவனைக்குத் திரும்பியிருந்தார்கள். விரும்பி வந்து மெதடோன் சிகிச்சை பெற்றவர்கள் மத்தியில் அந்தக் காலம் 352 நாட்கள். ஒரு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையிலான வித்தியாசம் இது.

இன்னொன்றையும் மலேசியர்கள் செய்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010இல் மெதடோன் வழங்கும் திட்டம் தொடங்கியது. நோயாளி பள்ளிக்கு வருகிறார், மருந்தை எடுக்கிறார், தொழுகையிலும் இமாம்களின் வழிகாட்டலிலும் பங்குபற்றுகிறார். மருந்தா மார்க்கமா என்று கேட்காமல் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?"

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீரிழிவு உள்ளவர் நாளாந்தம் இன்சுலின் போடுகிறார். அது இல்லாமல் அவர் உடல் சீராக இயங்காது. அதை நாங்கள் அடிமைத்தனம் என்பதில்லை. அடிமைத்தனம் என்பது மருந்தில் தங்கியிருப்பது மாத்திரமல்ல. அந்தப் பொருளுக்காக வீட்டை விற்பதும், உம்மாவின் காதுச் சோடியைத் திருடுவதும், பிள்ளையின் பசியை மறப்பதும் சேர்ந்ததுதான் அடிமைத்தனம். சரியான அளவில் மெதடோன் எடுப்பவரிடம் இவை அடங்கிவிடுகின்றன.

அதற்காக இந்த மருந்துகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெதடோனின் அளவு தவறினால் அதுவே உயிரைப் பறிக்கும். வெளியே கடத்தி விற்கப்படவும் கூடும். எனவேதான் தகுதியான வைத்தியரின் மேற்பார்வையில், நேருக்கு நேர் குடிக்கக் கொடுக்கும் முறை இருக்கிறது. இவற்றைத் தெரிந்தவர் மூலம் எங்காவது வாங்கி வீட்டில் கொடுப்பது பெரும் ஆபத்து.

இது ஆகுமானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. உயிரைப் பாதுகாப்பதும் அறிவைப் பாதுகாப்பதும் ஷரீஆவின் அடிப்படை நோக்கங்கள் என்று அவர்களிடம்தான் நாங்கள் கற்றோம். அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா இத்துறை வைத்தியர்களோடு அமர்ந்து, மக்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு வழிகாட்டலைத் தந்தால் பல குடும்பங்களின் தயக்கம் தீரும். நோன்பு காலத்தில் மருந்தை நிறுத்திவிடாமல் வேளையை எப்படி மாற்றிக்கொள்வது என்பது போன்ற கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

எமது நாட்டின் நிலை

எமது சட்டத்தில் சிகிச்சைக்கு இடமே இல்லை என்று கூற முடியாது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற திருத்தமும் வந்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், விரும்பி வருபவருக்கும் நீதிமன்றம் அனுப்புபவருக்கும் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க வழி செய்தது. 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் வந்தது.

ஆனால் நடைமுறையில் சிகிச்சை என்பது பெரும்பாலும் அடைத்துவைத்தல், ஒழுக்கப் பயிற்சி, ஆலோசனை என்பவற்றோடு நின்றுவிடுகிறது. 2022 ஜூன் மாத இறுதியில் கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்து, மோதல் ஏற்பட்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடே பார்த்தது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, விரும்பிப் பெறும் மருத்துவ சிகிச்சைக்கு மாறுமாறு 2012இல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் கூட்டாகக் கேட்டிருந்தன. நெல்சன் மண்டேலா விதிகள் என அழைக்கப்படும், 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட கைதிகள் தொடர்பான விதிகளில் 24ஆவது விதி, போதைக்கு அடிமையானோருக்கான சிகிச்சை சிறைக்கு உள்ளும் வெளியிலும் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஓபியொயிட் மாற்று மருந்துச் சிகிச்சை எமது சிறைகளில் இன்னும் வழமையான சேவையாக இல்லை.

அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைக்காகப் பல மாதங்கள் விளக்கமறியலில் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தக் காலம் வீணாகப் போகிறது. சிகிச்சையைத் தொடங்கியிருக்கக்கூடிய மாதங்கள் அவை.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில விடயங்கள் இருக்கின்றன.

குடும்பத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கைதான உடனேயே உண்மையைச் சொல்வது. வெட்கத்தினால் "இவர் பாவிப்பவர் அல்ல" என்று சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள். போதைக்கு அடிமையானவர், வைத்திய கவனிப்புத் தேவை என்பதைச் சட்டத்தரணி மூலம் நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவரக் கேளுங்கள். விடுதலைத் திகதி தெரிந்தால், அதற்கு முன்னரே அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் யாரைச் சந்திப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் இருக்கிறது.

வெளியே வந்தவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "உங்கள் உடம்பு முந்தி மாதிரி இல்லை. முந்தைய அளவு இப்போது உயிரைக் கொண்டுபோய்விடும்." இதைச் சொல்வது பாவிக்க அனுமதி கொடுப்பதாகாது. மோட்டார் சைக்கிளில் போகும் மகனிடம் தலைக்கவசம் போடச் சொல்வது வேகமாக ஓட அனுமதியாகாது அல்லவா? முதல் இரண்டு வாரங்களில் அவரைத் தனியாகப் பூட்டிய அறையில் நீண்ட நேரம் இருக்க விடாதீர்கள்.

ஆபத்தின் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். தட்டி எழுப்பினாலும் எழும்பாமை, மிக மெதுவான அல்லது விட்டு விட்டு வரும் சுவாசம், வழமைக்கு மாறான ஆழ்ந்த குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை போல் சிறுத்த கண்மணி. "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விடாதீர்கள். சுவாசம் இருந்தால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சுவாசம் நின்றுவிட்டால், தெரிந்தவர் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். பொலிஸ் வரும் என்ற பயத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் சேதம். என்ன பாவித்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் கொடுப்பதா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். போதை விற்பவர்களுக்கு எதிராக ஜமாஅத் எடுக்கும் கடுமையான நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் பாவித்துச் சிறை சென்று திரும்பியவரை அதே தட்டில் வைத்து, நிகாஹ், ஜனாஸா விடயங்களில் ஒதுக்கும் தீர்மானங்களை மீளப் பாருங்கள். ஒதுக்கப்பட்டவருக்குப் பழைய கூட்டம் மாத்திரமே மிஞ்சும். அதற்குப் பதிலாக, மஹல்லாவில் விடுதலையாகி வருபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேரை முதல் இரண்டு வாரங்களுக்குப் பொறுப்பாக்கலாம். வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வது, மஃரிப் முதல் இஷா வரை கூட இருப்பது, ஒரு சிறு வேலை தேடிக் கொடுப்பது என்பனவே அவர்களின் பணி. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஸகாத் நிதியிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உதவ இடமுண்டா என்பதையும் உலமாக்களிடம் கேட்கலாம்.

ஆசிரியர்களாகிய எமக்கும் பொறுப்பு இருக்கிறது. தந்தை சிறையிலிருக்கும் பிள்ளையை வகுப்பில் அடையாளம் காட்டாமல் காப்பாற்றுவது முதல் கடமை. தந்தை திரும்பி வரும் வாரத்தில் அந்தப் பிள்ளையின் வருகையையும் முகத்தையும் கவனிப்பது இரண்டாவது. அந்த வாரங்களில் வீட்டில் நடப்பவற்றின் பாரம் பிள்ளையின் மேல்தான் முதலில் விழுகிறது.

எமது மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது இரண்டு விடயங்கள். சிறைக்குள் வருபவரைப் பரிசோதித்து, ஓபியொயிட் அடிமைத்தனம் உள்ளவருக்கு வைத்திய மேற்பார்வையில் மருந்துச் சிகிச்சையைத் தொடங்குதல். விடுதலையாகும்போது அந்தச் சிகிச்சை அவரது ஊரிலுள்ள அரச வைத்தியசாலையில் மறுநாளே தொடர ஏற்பாடு செய்தல். இதில் இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பலன் குறைவு.

அடுத்து வரும் ஜும்ஆக்களில் ஒன்றிலாவது, போதையின் தீங்கைச் சொல்வதோடு நிறுத்தாமல், சிறையிலிருந்து வந்தவரின் முதல் 14 நாட்களைப் பற்றியும் கதீப்மார்கள் ஐந்து நிமிடம் பேசினால், அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் வாப்பா உயிரோடு இருப்பார். வல்ல அல்லாஹ் எமது பிள்ளைகளையும் குடும்பங்களையும் இந்தச் சோதனையிலிருந்து பாதுகாப்பானாக, மீள நினைப்பவர்களுக்கு வழியை இலேசாக்குவானாக.